இப்போதைக்கு ஒரு கண்ணாடி

கண்ணாடிக்காரர் சுத்தியலைக் கையில் எடுத்தால் எதிர்க் கடையில் டீ குடிப்பவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். புதிதாகக் கட்டடம் கட்டுகிற யாரோ கடைக்கு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் கண்ணாடி விற்கிற விதமே அப்படி. முதலில் உடைத்துக் காட்டுவார். அப்புறம்தான் பேச்சு.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. சத்தம்தான் வரும், வேற ஒண்ணும் ஆகாது."

டாக்டரம்மா பின்னால் நகர்ந்து நின்றார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், விபத்தில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் மறுபடி நடக்கப் பழக்குவது அவருடைய வேலை. வாடகை அறையில் செய்துகொண்டிருந்ததைச் சொந்தக் கட்டடத்துக்கு மாற்றப்போகிறார். கட்டடம் எழும்பிவிட்டது. ஜன்னல்தான் பாக்கி.

தரையில் சாக்கில் சுற்றி வைத்திருந்த இரண்டு கண்ணாடிகளில் ஒன்றைக் கண்ணாடிக்காரர் ஓங்கி ஒரு போடு போட்டார். உள்ளே சலார் என்றது. பிரித்தபோது நீள நீளமாக, முனை கூர்ந்த துண்டுகள் கிடந்தன. கசாப்புக் கத்தி மாதிரி ஒன்று, கோணூசி மாதிரி ஒன்று.

"இது சாதா கண்ணாடி. படத்துக்குப் போடலாம், அலமாரிக்குப் போடலாம். ஆள் சாயற இடத்துல போட்டா, உடையறப்போ ஆளையும் சேர்த்து அறுக்கும்."

இரண்டாவதை அடித்தார். சுத்தியல் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தது.

"பாத்தீங்களா? ரொம்ப வருஷமா குடும்பம் நடத்துற ஆம்பள மாதிரி. லேசுல உடைய மாட்டான்."

டாக்டரம்மா சிரித்தார். கண்ணாடிக்காரர் சாக்கைத் திருப்பி வைத்து ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். இந்த முறை பொலபொலவென்று சத்தம். பிரித்தால் கல் உப்பைக் கொட்டியது போல இருந்தது. அள்ளி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இதுதான் டஃபன்ட். கண்ணாடியைக் கொதிக்கக் கொதிக்கச் சுட்டு, சட்டுன்னு குளிர வெச்சு எடுக்கிறது. உடைஞ்சாலும் இப்படி உதிரும், குத்தாது. மூலையில சின்னதா ஒரு முத்திரை இருக்கும். இதுல ஒரே ஒரு சங்கடம் என்னன்னா, சுட்டதுக்கு அப்புறம் ஒரு நூல் அளவு கூட வெட்ட முடியாது. வெட்டினா மொத்தமும் உதிர்ந்துடும். அளவு எடுக்கிறப்பவே சரியா எடுத்துடணும்."

"கூடத்தோட கடைசியில ஒரு பெரிய ஜன்னல் வருது. தரையில இருந்து ஆள் உயரத்துக்கு மேல. எங்க ஆளுங்க அதைப் பார்த்துத்தான் நடந்து வருவாங்க. தடுமாறுவாங்க, சாய்வாங்க. அங்க எதைப் போடலாம்?"

"இதுல கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு? டஃபன்ட்தான். வேற எதையாவது போடலாம்னு யாராவது சொன்னா அந்தக் கடைப் படியே ஏறாதீங்க."

மனசாரத்தான் சொன்னார். பிற்பாடு படுத்தால் தூக்கம் வராமல் போனதற்கும் அதுதான் காரணம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வழியே இல்லாமல் போயிற்று.

கடையை அவரும் மைத்துனனும் சேர்ந்து நடத்தினார்கள். மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. வாய்த்துடுக்கு உண்டு, வேலையும் தெரியும். அவர்களுடைய அளவு டேப்பின் நுனியில் இருந்த கொக்கி எப்போதோ ஒடிந்துவிட்டது. இந்தத் தொழிலில் அதற்காக யாரும் டேப்பைத் தூக்கிப் போடமாட்டார்கள். நுனிக்குப் பதிலாகப் பத்து சென்டிமீட்டர் கோட்டைச் சுவரோரம் வைத்துப் பிடிப்பார்கள். மறுமுனையில் வருகிற அளவில் பத்தைக் கழித்துக்கொள்வார்கள். எப்போதும் கண்ணாடிக்காரர் பிடிப்பார். மைத்துனன் மறுமுனையில் நின்று அளவைப் படித்து, கழித்து, எழுதிக்கொள்வான்.

டாக்டரம்மாவின் ஜன்னலை அளக்கப் போன அன்றைக்குக் கண்ணாடிக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை. "நீங்க எழுதுங்க மாமா, நான் பிடிக்கிறேன்" என்றான் மைத்துனன். மாற்றி நின்றார்கள். அகலத்தைப் பார்த்தார், எழுதினார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். பிடிக்கிற ஆளாகவே இருந்து பழகியவருக்குக் கழிக்கத் தோன்றவில்லை.

கண்ணாடி லாரியில் வந்து இறங்கி, நாலு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கிப்போய்ச் சட்டத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் உட்கார்ந்தது. மறுபக்கம் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. அரைச் சாண் அதிகம்.

"கழிச்சீங்களா மாமா?"

"பத்துல பிடிச்சிருக்கேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

"நாம என்னைக்கு நுனியில பிடிச்சிருக்கோம்? எழுதுறவன்தானே கழிக்கணும்!"

"பிடிக்கிறவன் வாய்க்கு என்ன, பூட்டா போட்டிருக்கு?"

தூக்கி வந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி திரும்பக் கடைக்கே வந்து சுவரில் சாய்ந்து நின்றது. சாப்பாடு கொண்டுவந்த கண்ணாடிக்காரரின் மனைவி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கு இது? யானை முகம் பார்க்கவா?" என்று கேட்டாள். அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திறப்பு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று சுட்டு வரவேண்டுமென்றால் தொழிற்சாலையில் வரிசை நிற்கிறது, அடுத்த லோடில்தான் வரும் என்றார்கள்.

"ஜன்னலை ஓட்டையாவா விட முடியும்?" என்றான் மைத்துனன். "இப்போதைக்குச் சாதா ஒண்ணு போட்டு விடுவோம். கனமானதாவே போடுவோம். புதுசு வந்ததும் மாத்திட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, பலகை அடிச்சு வைப்போம்டா."

"என்னன்னு சொல்வீங்க? எனக்கு அளக்கத் தெரியாதுன்னா? கட்டடம் திறக்கிற அன்னைக்குப் பலகை அடிச்சு வெச்சா, வர்றவன் போறவன் எல்லாம் இது எந்தக் கடை வேலைன்னுதான் கேப்பான். ஊருக்கெல்லாம் உடைச்சுக் காட்டுற ஆளு மாமா நீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் கண்ணாடிக்காரரை அடித்தது. இப்போதைக்கு என்ற சொல்லோ இதமாக இருந்தது. பொய் சொல்கிறோம் என்று அது சொல்லவில்லை, ஏமாற்றுகிறோம் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள்தானே என்று தோளில் கை போட்டது. "சரி, இப்போதைக்கு" என்றார்.

திறப்பு அன்றைக்குக் கூடம் நிறைய ஆட்கள். ஜன்னல் வழியாக மாலை வெயில் உள்ளே பாய்ந்து தரையெல்லாம் பளபளத்தது. எல்லோரும் அந்த ஜன்னலைத்தான் புகழ்ந்தார்கள். டாக்டரம்மா கண்ணாடிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாம் பிரமாதம். ஆனா அந்த முத்திரை மூலையில இருக்கும்னு சொன்னீங்களே, நான் தேடிப் பார்த்தேன், காணோமே?"

"சட்டத்துக்குள்ள மறைஞ்சிடுச்சும்மா."

அப்படிச் சொல்லவேண்டும் என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாரே என்று கண்ணாடிக்காரருக்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது.

அப்புறம்தான் அவர் அதைப் பார்த்தார். கூடத்தின் நடுவில் பிடித்து நடக்க இரண்டு நீளக் கம்பிகள். ஜன்னலுக்குச் சற்று முன்னால் கம்பிகள் முடிந்துவிடும். அங்கிருந்து ஜன்னல் வரை பிடிமானம் இல்லாமல் நடக்கவேண்டும். நடந்து வந்தவர்கள் கையை நீட்டிக் கண்ணாடியில் பொத்தென்று சாய்ந்து தொட வேண்டும். தொட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. டாக்டரம்மா கண்டுபிடித்த விளையாட்டு அது.

"சுவரைத் தொடச் சொன்னா யாருக்கும் ஆசை வராது" என்று வந்தவர்களிடம் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "கண்ணாடின்னா அந்தப் பக்கம் மரம் தெரியுது, ரோடு தெரியுது. வெளிய போயிடலாம்னு கால் தானா வருது."

இடுப்பில் அடிபட்ட ஒரு பெண் முதலில் நடந்து போய்க் கண்ணாடியில் கை வைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கையெடுத்த இடத்தில் ஐந்து விரலும் வேர்வையில் பதிந்திருந்தன. அடுத்ததாகப் பெரிய உடம்புக்காரர் ஒருவர் வந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் பாதி போய்விட்டன. எல்லோரும் அவரை டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். கம்பியின் பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"ஒரு நாள் தொடுவார் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

டிரைவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் டிரைவரின் உடம்பைப் பார்த்தார். அந்தக் கனம் மொத்தமும் ஒரு உள்ளங்கை வழியாக அந்தக் கண்ணாடியில் இறங்கும் நாளை நினைத்தார். கொடுத்த தேநீரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் டாக்டரம்மா போன் செய்தார்.

"சாயங்கால வெயில் நேரா கண்ணுல அடிக்குது. நடக்கிறவங்களுக்குக் கூசுது. ஜன்னல் முழுக்கக் கருப்பு ஃபிலிம் ஒட்டலாம்னு இருக்கேன். ஒட்டலாம் இல்ல?"

கண்ணாடிக்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார். கருப்புத் தாள் வெயிலைக் குடிக்கும். கண்ணாடியின் நடு கொதிக்கும், சட்டத்துக்குள் இருக்கிற ஓரம் மட்டும் குளிர்ந்து கிடக்கும். நடு விரியப் பார்க்கும், ஓரம் விடாது. டஃபன்ட் இந்த இழுபறியைத் தாங்கும். சாதா தாங்காது. ஒட்டாதீங்கம்மா என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு இருக்கிற ஒரே பதிலை இவரால் சொல்ல முடியாது.

"என்ன, லைன்ல இருக்கீங்களா?"

"ஒட்டுங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

போனை வைத்ததும் மைத்துனனைப் பார்த்து, "டேய், அந்த ஆர்டர் என்னாச்சு?" என்று கத்தினார்.

"அடுத்த லோடுல வந்துடும் மாமா."

"போன லோடுலயும் இதைத்தானே சொன்னே?"

"சரி, வந்துச்சுன்னே வைங்க. என்ன சொல்லி மாத்தப் போறீங்க? நல்லா இருக்கிற ஜன்னலை ஏன்யா கழட்டுறேன்னு அந்தம்மா கேக்காதா?"

மைத்துனன் ஆர்டரே கொடுக்கவில்லை என்று கண்ணாடிக்காரருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவர் கேட்கவில்லை. கேட்டால், ஆர்டரைத் தானே கொடுக்கவேண்டியிருக்கும்.

அதிலிருந்து அவர் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டார். சுற்றிக்கொண்டு போனார். கண்ணாடி உடைகிற சத்தத்திலேயே வாழ்ந்த மனிதர், எதிர்க் கடையில் டீ கிளாஸ் விழுந்தால் துள்ளி எழுந்தார். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அது எந்தப் பக்கம் போகிறது என்று வாசலுக்கு வந்து நின்று கேட்டார். "உங்களுக்கு யாராவது செய்வினை வெச்சுட்டாங்களா?" என்று மனைவி கேட்டாள். கடைக்கு வருகிறவர்களுக்கு உடைத்துக் காட்டுவதையும் நிறுத்திவிட்டார். கை வலிக்கிறது என்று சொன்னார். எதிர்க் கடைக்காரர்களுக்குத்தான் பொழுதுபோகவில்லை.

ஒரு நாள் மூன்று மணி வாக்கில், டாக்டரம்மாவின் கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற பெண் கையில் ஒரு படச் சட்டத்தோடு கடைக்கு வந்தாள்.

"அண்ணே, பூனை தள்ளி விட்டுடுச்சு. இதுக்கு ஒரு கண்ணாடி வெட்டிக் குடுங்க. சீக்கிரம், நான் வேலைக்குத் திரும்பணும்."

கண்ணாடிக்காரர் மேஜையில் ஒரு துண்டைப் போட்டு, அளவுகோலை வைத்து, வெட்டுக்கோலைப் பிடித்து ஒரு கோடு இழுத்தார். கிர்ர் என்று மெல்லிய சத்தம். கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை.

"உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன். அங்க உங்க கண்ணாடியில ஒரு முடி ஒட்டிட்டிருக்கு. என்ன பண்ணாலும் போக மாட்டேங்குது."

"முடியா?"

"ஆமா. அந்தக் கருப்புத் தாள்ல பார்த்தா சரியா தெரியாது, கிட்டப் போனாத்தான் தெரியும். உள்ள துடைச்சா வெளிய இருக்கிற மாதிரி தெரியுது, வெளிய போய்த் துடைச்சா உள்ள இருக்கிற மாதிரி தெரியுது. டாக்டரம்மாகிட்ட சொன்னா, விடுக்கா அழுக்குதானேன்னு சொல்லிட்டாங்க. போன வாரம் விரல் நீளம்தான் இருந்துச்சு."

"இப்போ?"

அவள் தன் முழங்கை வரை காட்டினாள். "நானும் தினம் எண்ணெய் தேய்க்கிறேன், என் முடி வளர மாட்டேங்குது. அது வளருது பாருங்க!" என்று சிரித்தாள்.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. "எங்க இருந்து ஆரம்பிக்குது?"

"சட்டத்துக்குள்ள இருந்து நேரா வருது. அப்புறம் பாம்பு மாதிரி வளைஞ்சு போகுது."

அவர் கையிலிருந்த துண்டை மேஜை விளிம்பில் வைத்திருந்தார். விரல் அதன் மேல் லேசாகப் பட்டது. அவ்வளவுதான். கோடு போட்ட இடத்தில் டக்கென்று இரண்டாகப் பிளந்து ஒரு பாதி கையோடு வந்தது. கீறல் விழுந்த கண்ணாடிக்கு அதற்கு மேல் பலம் தேவையில்லை. விரல் பட்டால் போதும்.

"இன்னைக்கு டிரைவர் அண்ணன் தொடப்போறாராம்" என்றாள் அந்தப் பெண். "அவர் வீட்டுல இருந்து எல்லாரும் வந்திருக்காங்க. அதைப் பார்க்கத்தான் ஓடணும்னு சொன்னேன்."

கண்ணாடிக்காரர் போனை எடுத்து டாக்டரம்மாவுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பயிற்சி நேரத்தில் அவர் போனை அறையில் வைத்துவிட்டுப் போவார் என்று அந்தப் பெண் சொன்னாள். கண்ணாடிக்காரர் வண்டிச் சாவியைத் தேடினார். மைத்துனன் சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு வாசலில் நின்றான்.

"மாமா, நிதானமா யோசிங்க. இத்தனை நாள் தாங்கினது இன்னைக்கு ஒரு நாள் தாங்காதா? நாளைக்கு ஏதாவது சாக்கு சொல்லிக் கழட்டிடலாம். இப்போ போய் எல்லார் முன்னாடியும் சொன்னீங்கன்னா, இந்த ஊர்ல ஒருத்தன் நம்மகிட்ட முகம் பார்க்கிற கண்ணாடி கூட வாங்க மாட்டான்."

"அப்போ நாம முகம் பார்க்கிறது எப்படிடா?" என்றார் கண்ணாடிக்காரர். "சாவியைக் குடு."

மைத்துனன் கொடுத்தான்.

கூடத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே எல்லோரும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். சாய்ந்த வெயில் பட்டு ஜன்னல் கருப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. டிரைவர் கம்பிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். இடக்கையால் கம்பியை இறுக்கிப் பிடித்து, வலக்காலை இழுத்து இழுத்து வைத்தார். பின்னால் டாக்டரம்மா அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தார்.

"அப்படித்தான்... இன்னும் கொஞ்சம்... மரத்தைப் பாருங்க, கீழ பார்க்காதீங்க..."

கண்ணாடிக்காரருக்குத் தொண்டை வரை கத்தல் வந்துவிட்டது. அதை விழுங்கினார். கத்தினால் டிரைவர் திடுக்கிடுவார். திடுக்கிட்டால் முன்னால்தான் விழுவார். முன்னால் இருப்பது கண்ணாடி.

சுவரோரம் நின்றவர்களின் முன்னால் நுழைந்து நுழைந்து போனார். யாரோ "யோவ், மறைக்காதய்யா" என்றார்கள். டிரைவர் கம்பியின் முனைக்கு வந்து கையை விட்டார். பிடிமானம் இல்லாமல் ஒரு அடி வைத்தார். கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு அடி. கையை நீட்டிக்கொண்டு முன்னால் சாயத் தொடங்கினார்.

கண்ணாடிக்காரர் நடுவில் போய் நின்றார்.

"அண்ணே, இன்னைக்கு என்னைத் தொடுங்க."

"என்ன இது? என்ன பண்றீங்க... தள்ளுங்க!" என்று டாக்டரம்மா சீறினார். நகர முடியாது. டிரைவரின் உள்ளங்கை ஏற்கனவே கண்ணாடிக்காரரின் நெஞ்சில் விழுந்துவிட்டது. கையைத் தொடர்ந்து அந்தப் பெரிய உடம்பின் கனம் மொத்தமும் வந்தது. கண்ணாடிக்காரர் காலை அகட்டி ஊன்றினார். அளக்கப் போன அன்றைக்குப் பிடித்துக்கொண்ட முதுகு மறுபடி வெட்டி இழுத்தது. குதிகால் தரையில் வழுக்கிப் பின்னால் போனது. முதுகில் கண்ணாடியின் அனல் அடித்தது. பின்னால் இன்னும் நாலு விரல்கடை இருக்குமா? அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாது. பின்னாலிருந்து மிக மெல்லிய ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நகம் கடிக்கிற மாதிரி ஒரு டிக். அந்தச் சத்தம் என்னவென்று அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"அம்மா" என்றார். மறுபடி சொன்னார். "அம்மா, அவரைப் பின்னால கூட்டிட்டுப் போங்க. மெதுவா. எல்லாரையும் வெளிய அனுப்புங்க. இது நான் சொன்ன கண்ணாடி இல்ல. சாதா கண்ணாடி. விரிசல் விட்டுடுச்சு."

டாக்டரம்மா டிரைவரை இழுத்து அணைத்துக்கொண்டு பின்னால் போனார். ஆட்கள் வாசலுக்கு ஓடினார்கள். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் மைத்துனன் வந்து சேர்ந்தான். கையில் கனத்த கையுறையும் ஒட்டுத் தாள் சுருளும் இருந்தன. மாமாவின் முகத்தைப் பார்க்காமல் ஒரு ஜோடிக் கையுறையை நீட்டினான். இருவருமாகக் குறுக்கும் நெடுக்கும் தாள் ஒட்டினார்கள். தாள் எட்டாத மேல் பக்கம் பாக்கி இருந்தது. சட்டத்தின் முதல் ஆணியைத் தளர்த்தியதும் அந்த முடி சரசரவென்று ஓடி மறு ஓரத்தைத் தொட்டது.

"மாமா, விலகுங்க!"

இருவரும் பக்கத்துக்கு ஒருவராய்ப் பாய்ந்தார்கள். மேல் பாதி கழன்று இறங்கியது. கருப்புத் தாள் பிடித்த அளவு பிடித்தது, பிடிக்காதது விழுந்தது. சத்தம் அடங்கிப் பார்த்தபோது, கம்பி முடிகிற இடத்துக்கு அடுத்து விரித்திருந்த ரப்பர் பாயில் கத்தி போல ஒரு துண்டு செங்குத்தாகக் குத்திக்கொண்டு நின்றது. டிரைவர் கடைசியாகக் கால் வைத்த இடம் அது. துண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்று டாக்டரம்மா அதைப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று கண்ணாடிக்காரர் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்குக் கண்ணாடியைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார் டாக்டரம்மா. "எது போடணும்னு நீங்கதான் சொன்னீங்க. உடைச்சுக் காட்டினீங்க. நான் வாங்கினது கண்ணாடியை இல்ல, உங்க வார்த்தையை. அதை நம்பித்தான் ஒவ்வொருத்தரையும் போய்ச் சாயுங்கன்னு சொன்னேன். நானே சொன்னேன்."

"அளவுல தப்பு நடந்துடுச்சும்மா. இப்போதைக்குப் போட்டு வைப்போம்னுதான்..."

"தப்பா அளந்தீங்க, சரி. மனுஷன்னா தப்பு வரும். அன்னைக்கே சொல்லியிருந்தா பலகை அடிச்சுட்டுத் திறந்திருப்பேன். எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது." பாயில் குத்தி நின்ற துண்டைக் காட்டிக் கேட்டார். "வேற எங்க எல்லாம் இப்போதைக்குப் போட்டு வெச்சிருக்கீங்க?"

கண்ணாடிக்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார். "வேற எங்கயும் இல்லம்மா. சத்தியமா இது ஒண்ணுதான்."

கண்ணாடிக்காரர் திரும்பி மைத்துனனைப் பார்த்தார். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றி முடித்த பிறகும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்?"

"பள்ளிக்கூடம்" என்றான் மைத்துனன். "மாடிப்படி திருப்பத்துல. உங்களுக்குத் தெரியாது மாமா. ஏத்துறப்போ டஃபன்ட் ஒண்ணு உதிர்ந்துடுச்சு. நானே சாதா ஒண்ணு... இப்போதைக்குன்னு..."

கண்ணாடிக்காரர் அவனை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. இந்த வார்த்தைக்குத் தலையாட்டி அவனுக்குத் தைரியம் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். கையை இறக்கிவிட்டார்.

"படிக்கட்டுலயா?" என்று மட்டும் கேட்டார்.

வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டிரைவர் இடக்கையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வருகிறார் என்று அவருடைய மனைவி குனிந்தாள். அவர் அவளை விலக்கிவிட்டுக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, மேடேறுகிற வண்டி மாதிரி வந்தன.

"நான்... பஸ் ஓட்டினவன். பிரேக் சரியில்லன்னா... ஷெட்டுல சொல்வாங்க... 'இப்போதைக்கு எடுத்துட்டுப் போ'ன்னு." மூச்சு வாங்கினார். "நான் எடுக்க மாட்டேன். எல்லாரும்... திட்டுவாங்க. அனுப்புறவனுக்குத்தான்யா... அது இப்போதைக்கு. ஏறி உக்கார்றவனுக்கு... அது... உசிரு."

டிரைவர் கையைத் தெருப் பக்கம் நீட்டினார்.

"போ. பள்ளிக்கூடம்... விடப்போற நேரம். பிள்ளைங்க... ஓடி வரும்."

கண்ணாடிக்காரர் ஒட்டுத் தாள் சுருளை எடுத்துக்கொண்டு ஓடினார். மைத்துனன் பின்னால் ஏறி உட்காருவதற்கும் வண்டி கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. "இனிமே நம்ம வாயில அந்த வார்த்தை வரக்கூடாதுடா" என்றார் கண்ணாடிக்காரர். "நாம மறைச்சு வைக்கிற ஒவ்வொரு தப்பு மேலயும் யாரோ ஒருத்தர் நம்மளை நம்பிச் சாய்ஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க." காற்றில் மைத்துனனுக்குப் பாதிதான் கேட்டது. அவன் மாமாவின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

எங்கோ முன்னால், பள்ளிக்கூடத்து மணி அடிக்கத் தொடங்கியது.